வெர்னாவின் கேக் ஏலம்

அக்டோபர் 9, 2013

கன்றுச் சந்தை. காலையிலிருந்து மேடையில் நின்று ஏலம் கூவினேன். விலை பரவாயில்லை. தொண்டைதான் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது.

மதியம் ட்ரூடியின் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டோய்ல் எதிரில் வந்து உட்கார்ந்தான். இந்த ஊரில் பாதிப் பேருக்கு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்தவன் அவன். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அவன் தொப்பியைக் கழற்றினால் கெட்ட செய்தி என்று அர்த்தம்.

"ஹார்லன், உன் பாலிசி டிசம்பரோட சரி. புதுச் சட்டப்படி அது செல்லாதாம். கம்பெனி நிறுத்துது."

"எத்தனை வருஷமா கட்டுறேன்! எனக்குப் புடிச்சிருக்கு, வெர்னாவுக்குப் புடிச்சிருக்கு. செல்லாதுன்னு சொல்ல வாஷிங்டன்ல இருக்கிறவன் யாருய்யா?"

"அதுல பிரசவச் செலவு சேர்க்கலையாம்."

வெர்னாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. கடையே சிரித்தது. "பையன் பொறந்தா ஜனாதிபதி பேரையே வச்சிடுறோம்னு எழுதிப் போடு" என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து அதே வேடிக்கையை வெர்னாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அப்போ ஒமாஹா டாக்டரம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்டோபர் 10

அதை நான் யோசிக்கவே இல்லை.

அக்டோபர் 17

டோய்ல் எல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னான். எங்கள் மாவட்டத்தில் கிடைக்கிற புதுப் பாலிசி எதிலும் ஒமாஹா ஆஸ்பத்திரி இல்லை. வெர்னாவின் ரத்தத்தில் இருக்கிற புற்றுநோயை இரண்டு வருடமாக அடக்கி வைத்திருப்பது அந்த டாக்டரம்மாதான். அவரிடம் போக வேண்டுமானால் முழுச் செலவும் நாங்களே. மாடுகள், மேய்ச்சல் நிலம், வீடு எல்லாவற்றையும் நானே ஏலம் போட்டாலும் ஒரு வருடம் தாங்காது.

"வேற பாலிசியாவது எடுத்துக்கோ. உன் வருமானத்துக்கு, பிரீமியத்துல பாதிக்கு மேல அரசாங்கமே கட்டிடும்" என்றான்.

"அடுத்தவன் வரிப்பணத்துல என் பொண்டாட்டிக்கு மருந்தா?"

சமையலறையில் வெர்னா திறந்துவிட்டிருந்த குழாய் நின்றது. நான் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். என் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு, இந்தா பஸ் டிக்கெட் என்று நீட்டுகிறார்கள். வாங்கிக்கொண்டு நன்றி வேறு சொல்ல வேண்டுமாம்.

நவம்பர் 14

டிவியில் ஜனாதிபதி சொல்லிவிட்டார் — பழைய பாலிசியை இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாமாம்! வெர்னாவைப் பிடித்துச் சமையலறையிலேயே ஒரு சுற்று ஆடினேன். "விடு, உருளைக்கிழங்கு தீயுது" என்றாள். தீயட்டும்.

நவம்பர் 15

அவர் சொன்னால் போதாதாம். கம்பெனியும் சம்மதிக்க வேண்டுமாம். இனிமேல் முடியாது, எல்லாம் மாற்றியாகிவிட்டது என்று டோய்லிடம் சொல்லிவிட்டார்கள். சட்டம் போட்டவன் கைகழுவினான், கம்பெனிக்காரன் கைவிரித்தான். கிழங்கு வாசனை இன்னும் வீட்டில் இருக்கிறது.

நவம்பர் 23

முன்னாள் படைவீரர் கூடத்தில் கட்சிக் கூட்டம். மாவட்டத் தலைவர் என்ற முறையில் நான்தான் பேச வேண்டும். நன்றாகவே பேசினேன்.

"நமக்கு வாஷிங்டன் வேண்டாம். இங்க ஒருத்தன் விழுந்தா நாமதான் தூக்குறோம். இதே கூடத்துல எத்தனை விருந்து போட்டிருக்கோம்!"

கைதட்டல் அடங்கவில்லை. நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. யாருக்காவது பெரிய நோய் வந்தால் இங்கே ஊரே கூடிச் சாப்பிடும், அப்புறம் அந்தக் குடும்பத்துக்காகக் கேக் ஏலம் நடக்கும். கூவுவது நான். எடுத்தவன் கேக்கை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான். காசைக் கட்டிவிட்டு, "இன்னொரு தரம் வில்லுய்யா!" என்று திருப்பித் தருவான். கிரீம் உருகி ஒழுகும்வரை ஒரே கேக்கை விற்றிருக்கிறேன். இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த நல்ல காரியம் அதுதான். ட்ரூடியின் புருஷன் ஓர்விலுக்குச் சிறுநீரகம் கெட்டபோது போட்டோமே, அது மாதிரி ஒரு விருந்து இந்த மாவட்டம் கண்டதில்லை.

கூட்டம் முடிந்ததும் ட்ரூடி பக்கத்தில் வந்தாள். "சரி, வெர்னாவுக்கு எப்பப் போடலாம்?"

விருந்தா? எனக்கு!

"எங்களுக்கெல்லாம் வேண்டாம். நாங்க சமாளிச்சுக்குவோம்."

"அப்ப இத்தனை நாளா வாங்கினோமே, நாங்கல்லாம் சமாளிக்கத் துப்பில்லாதவங்களா?"

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 11

வெர்னா என்னிடம் சொல்லாமல் நூலகத்துக்குப் போய், டோய்லைப் பக்கத்தில் உட்கார வைத்து, கம்ப்யூட்டரில் அரசாங்கப் பாலிசி எடுத்துவிட்டாள். உதவிப் பணத்தோடுதான். இரவுச் சாப்பாட்டின்போது, உப்பை எடு என்பது போலச் சொன்னாள்.

கத்தினேன். இந்தச் சட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கிறேன், என் வீட்டிலேயே இப்படியா, நாளைக்கு எந்த முகத்தோடு மேடை ஏறுவேன் — எல்லாம் கேட்டேன்.

அவள் கத்தவில்லை. "வாஷிங்டன் உன்னைக் கேக்காமலே உன் விஷயத்துல முடிவு பண்ணுதுன்னு மேடை மேடையா கத்துறியே. இது என் ரத்தம், ஹார்லன். நீ என்னைக் கேட்டியா?"

வாயால் பிழைக்கிறவன் நான். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

டிசம்பர் 30

கடைசி ஒமாஹா பயணம். டாக்டரம்மா வெர்னாவைக் கட்டிக்கொண்டார். என் கையையும் பிடித்தார். திரும்பும் வழியெல்லாம் பனி. மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் வைத்த பன் வாங்கிக் கொடுத்தேன். பாதிதான் சாப்பிட்டாள்.

ஜனவரி 28, 2014

புது டாக்டர் பக்கத்து நகரத்தில்தான் இருக்கிறார், நல்லவர் என்கிறார்கள். ஆனால் புது நோயாளிக்கு மார்ச்சில்தான் இடமாம். அதுவரை பழைய மருந்தைத் தொடரலாம் என்றால் அதற்குப் புதுக் கம்பெனியின் அனுமதி வேண்டுமாம். முழு நாளும் ஃபோனைக் காதில் வைத்துப் பாட்டுக் கேட்டேன். கடைசியில் ஒரு பெண் வந்தாள். "பரிசீலனையில இருக்கு சார்."

"அம்மா, மருந்து தீர்ந்து போச்சும்மா."

"புரியுது சார். பரிசீலனையில இருக்கு."

கோபம்கூட வரவில்லை. கோபப்பட ஒரு ஆள் வேண்டாமா? அந்தப் பெண் என்ன செய்வாள்.

பிப்ரவரி 3

அவளால் பால் கேனைத் தூக்க முடியவில்லை. எலும்பு வலி. என்னிடம் மறைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 4

ட்ரூடியிடம் போனேன். "விருந்து போடலாம்" என்றேன். குத்திக்காட்டுவாள் என்று நினைத்தேன். "இருபத்திரண்டாம் தேதி கூடம் காலியா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பிப்ரவரி 22

வந்துவிட்டார்கள். எல்லோரும். உறைபனியில் ஐம்பது மைல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர்கள்கூட உண்டு.

வெர்னா போன கோடையில் பறித்து உறையப் போட்டிருந்த செர்ரியை எடுத்துக் கேக் செய்தாள். மாவைப் பிசைந்தது என் கை, அளவு சொன்னது அவள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

வேறு யாராவது கூவட்டும் என்றேன். யாரும் மேடை ஏறவில்லை. "உன் தொழிலைச் செய்யேன்யா" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். ஏறினேன்.

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். எடுத்தவன் எழுந்து நின்று கேக்கை நீட்டினான். அவன் வாயைத் திறப்பதற்குள் வெர்னாவே, அந்த இத்தனூண்டு குரலில், "இன்னொரு தரம் வில்லுய்யா!" என்றாள். கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். விற்றேன். திரும்ப விற்றேன். உயர்கிற கைகளெல்லாம் எனக்குத் தெரிந்த கைகள். யார் மந்தையில் எத்தனை மாடு மிச்சம் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கைகளில் பாதி உயரவே கூடாத கைகள். கடைசியில் எடுத்தவன் கேக்கை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

அப்புறம் டோய்ல் பணத்தை எண்ணினான். ஒரு மாத மருந்துக்குக் கிட்டே வருகிறது. கிட்டே.

திரும்ப எண்ணச் சொன்னேன். அதேதான்.

ட்ரூடி பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டேவிட்டேன். "ஓர்விலுக்குப் போட்டோமே, அது போதுச்சா?"

கையைத் துடைத்துக்கொண்டாள். "கல்லறைக் கல்லுக்கு ஆச்சு. மிச்சத்துக்கு நிலத்தைக் கொடுத்தேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே. அன்னைக்கு மேடையை விட்டு எறங்கி வந்தப்ப உன் மூஞ்சியைப் பாக்கணுமே. அவ்வளவு சந்தோஷம். எப்படிச் சொல்றது?"

மார்ச் 12

புது டாக்டரைப் பார்த்தோம். நோய் முதுகெலும்பில் இறங்கியிருக்கிறது. இடையில் மருந்து விட்டுப்போனதால்தானா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? சட்டத்தைப் பிடித்து உலுக்கவா, கம்பெனியை உலுக்கவா, மருந்து மருந்து என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது கொள்கை கொள்கை என்று கத்தினானே ஒருத்தன், அவனையா?

மருந்துக்கு அனுமதி வந்துவிட்டதாக இன்று ஃபோன் செய்தார்கள்.

மார்ச் 29

"தலைவர் பதவியை விட்டுடாத. வீட்டுல சும்மா இருந்தா நீ என்னைப் பத்தியே நெனச்சுக்கிட்டு இருப்ப" என்கிறாள். இருக்கும்போதே பேசுகிற பேச்சா இது.

ஏப்ரல் 16

வெர்னாவைப் புதைத்தோம். பயங்கரக் காற்று.

மே 13

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல். ஓட்டுப் போட்டேன். எப்போதும் போடுகிற கட்சிக்குத்தான். வாக்குச்சாவடி வாசலில் டோய்ல் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "மாத்திப் போட்டியா?"

"ஏன் மாத்தணும்? எங்க பாலிசியை யார் பிடுங்கினான்?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 7

பக்கத்துப் பண்ணை ஜோலீனின் புருஷன் டிராக்டர் கவிழ்ந்து இடுப்பெலும்பு நொறுங்கிக் கிடக்கிறான். கூடத்தில் விருந்து. முடியாது என்று சொல்லிவிட்டு, பிறகு போனேன்.

வெர்னாவின் கேக் ஃப்ரீசரிலேயே இருந்தது. அதையும் கொண்டுபோனேன். யாருடையது என்று சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று விற்றேன். குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை.

முடிந்ததும் மேடையை விட்டு இறங்கினேன். ஆட்கள் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். ஜோலீன் தனியாக மேசை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். கிட்டே போனேன்.

"இது போதுமாம்மா?"

"ரொம்ப நன்றி அண்ணே, எல்லாரும் எவ்வளவு —"

"அதைக் கேக்கலை. போதுமா?"

மடித்த விரிப்பைக் கீழே வைத்தாள். அப்புறம் அவள் முகம் கோணியது. "போதாது" என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சொல்லு, எவ்வளவு குறையுது?"