வேற கலர் காட்டட்டுமா

அக்காவுக்கு,

உன் மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததை என்னிடம் நீ மூச்சுவிடவில்லை. இன்று நான் பயிற்சிக்குப் போன வார்டில் அவர்தான் படுத்திருந்தார்.

நான் நர்சிங் படிப்பதை மறைத்து, துணிக்கடையில் வேலை பார்ப்பதாக மட்டும் உன் புகுந்த வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாய். பெட்பேன் எடுப்பவள் உன் தங்கை என்றால் உனக்குக் கௌரவக் குறைச்சல். அந்தப் படிப்புக்காகத்தான் சாயங்காலமெல்லாம் கடையில் நின்று சேலை மடிக்கிறேன் என்பது உனக்குத் தெரியாதா?

முகக்கவசம் போட்டிருந்ததால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவர் உடம்பைத் துடைத்துவிட்டு, புது விரிப்பை உதறி விரித்தேன். அவர் முகம் சுளித்தார். கடைப் பழக்கத்தில், "வேற கலர் காட்டட்டுமாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

உற்றுப் பார்த்தார். "நீ துணிக்கடைப் பொண்ணுல்ல? இங்க என்ன பண்ற?"

"கடை லீவு அத்தை. சும்மா உதவிக்கு வந்தேன்." சீருடையில் நின்றுகொண்டு உன் பொய்யைக் காப்பாற்றினேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கக்கா வந்தா மூக்கைப் பொத்திக்கிட்டு வாசல்லயே நிக்கிறாம்மா."

நாளையும் எனக்கு அதே வார்டுதான். கட்டில் பக்கத்தில் வந்து நின்று, நான் யார் என்று உன் வாயால் சொல். பெட்பேனை நான் பிடித்துக்கொள்கிறேன்.

நர்சிங் படிக்கும்
உன் தங்கை