பத்திரிகையில் வராத கட்டுரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அப்படித்தானே ஆரம்பிக்க வேண்டும், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். நீ கூப்பிட்டாலே அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய், காலையில்தான் துடைத்த சைக்கிளை மறுபடி துடைக்க ஆரம்பிப்பார் என்பது உனக்குத் தெரியும். உன்னோடு பேசமாட்டாராம், ஆனால் நான் பேசுவது மொத்தமும் காதில் விழுகிற இடமாகப் பார்த்து நின்றுதான் துடைப்பார். உன் தொழிற்சாலையில் நாற்பத்து மூன்று பேரை வேலையிலிருந்து நிறுத்திய உத்தரவில் நீ கையெழுத்துப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது, சைக்கிளில் பெயின்டே போய்விட்டது.

அவர் கண் விஷயத்தை நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. புரை நன்றாக முற்றிவிட்டிருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் டீ போடுகிறேன் பேர்வழி என்று கொதிக்கிற தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றி, அது மேடையிலிருந்து வழிந்து காலில் கொட்டி, பத்து நாள் செருப்பு மாட்ட முடியவில்லை. இன்னும் ஒரு மாதம் தள்ளினால் வலது கண் திரும்பக் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. அரசு மருத்துவமனையில் மெஷின் கெட்டு ஆறு மாதமாகிறது, எல்லோரையும் அந்தப் பிரார்த்தனைச் சபைக்காரர்களின் கண் மருத்துவமனைக்குத்தான் அனுப்புகிறார்கள். அங்கே ஆபரேஷன் அன்று காலையில் எல்லோரும் கூடத்தில் எழுந்து நின்று பிரார்த்தனையில் கலந்துகொள்ள வேண்டும். உன் அப்பாவா நிற்பார்? லேத் பட்டறையில் முப்பது வருஷம், அதில் இருபத்தாறு வருஷம் தொழிற்சங்கச் செயலாளர். "கண்ணு போனா போகட்டும், கொள்கைய விட முடியாது" என்று சொல்லிவிட்டார். சரி, உன் சித்தப்பா அந்தச் சபையில்தானே இருக்கிறார், மருத்துவமனையில் பேர் பதிகிற மேஜையே அவருடையதுதானே என்று போய், பிரார்த்தனை முடிந்த பிறகு உங்கள் அண்ணனை உள்ளே விடுங்கள் என்று கெஞ்சினேன். "கொள்கைன்னா கொள்கைதான் அண்ணி" என்றார் அவர். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா, வார்த்தைகூட மாறவில்லை. உனக்குப் போன் செய்தேன். கம்பெனி இன்ஷூரன்ஸில் பெரிய மருத்துவமனையில் சேர்க்கிறேன் என்றாய். அப்பாவிடம் சொன்னால், "தொழிலாளி வயித்துல அடிச்ச கம்பெனி தயவுல எனக்குக் கண்ணு வேணாம்" என்றார். அதை உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அவரவர் முடிவுக்கு அவரவர்தாம்மா பொறுப்பு." அன்று லைன் கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன்.

எனக்கு அலுத்துப்போய்விட்டது அம்மாடி. இந்த வீட்டில் ஒரு சோப்பு வாங்க முடியவில்லை. கூட்டுறவுக் கடையைத் தவிர வேறெங்கும் வாங்கக்கூடாது என்கிறார் அப்பா, அங்கே இருக்கிற சோப்பில் நுரையே வராது. சித்தப்பா வந்தால் சபைக்காரர் கடையில்தான் கலப்படம் இல்லை என்கிறார். நீ போட்டி இருந்தால் விலை தானாகக் குறையும் என்று பாடம் எடுக்கிறாய். துணி துவைக்கிறவள் நான், என்னை யாரும் கேட்கவில்லை. கொள்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் விரல் மெஷினில் போனபோது நம் அடுப்பை எரியவைத்தது சங்கம்தான், நான் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் சபைப் பெண்கள்தான். அப்படி வந்த நல்லதெல்லாம் இப்போது ஆளுக்கொரு சுவராக என் வீட்டுக்கு நடுவே நிற்கிறதே என்றுதான் வயிறு எரிகிறது.

அதனால் ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. கண் மங்கியதிலிருந்து சங்கப் பத்திரிகையை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டிவந்தேன், தலையங்கம் முதல் கடைசிப் பக்கம் வரை. ஒரு வியாழக்கிழமை பருத்தி விலை பற்றிய பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒரு கட்டுரையை வாசித்தேன். கண் உழைப்பாளியின் கருவி, கருவியைத் துருப்பிடிக்க விடுகிறவன் முதலாளிக்குத்தான் உதவி செய்கிறான், மாற்றுக் கருத்துள்ளவர்களின் மருத்துவமனையிலும் தோழர்கள் தயங்காமல் சிகிச்சை பெறலாம், பிரார்த்தனையில் எழுந்து நிற்பது காலின் வேலையே தவிர கருத்தின் வேலை அல்ல. எங்கிருந்து வந்ததோ, கடகடவென்று வந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "இன்னொரு தடவ வாசி" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. தப்பும் தவறுமாகத் திரும்பச் சொன்னேன். "மொதல்ல வேற மாதிரி வாசிச்சியே" என்றார், ஒரு வரி விட்டுப்போச்சு என்று சமாளித்தேன். மறுநாள் சங்க அலுவலகத்துக்குப் போய் அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசியிருக்கிறார். மாட்டிக்கொண்டேன் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தால், அங்கே அத்தனை பேரும் "ஆமா தோழர், படிச்சோம், அருமையான கட்டுரை" என்றார்களாம். பொருளாளர் மட்டும் மூன்றாவது பத்தியில் தனக்கு உடன்பாடு இல்லை என்றாராம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆபரேஷன் ஆயிற்று. கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார், சித்தப்பா வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார், இவர் உதறவில்லை. அண்ணன் தலை குனிந்தார் என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்கிறார், படி இருக்கிறதா என்று பார்த்தேன் என்கிறார் உன் அப்பா. கட்டுப் பிரித்து, சொட்டு மருந்துக் காலமெல்லாம் முடிந்ததும் முதல் வேலையாக அந்தப் பழைய பத்திரிகையைத் தேடி எடுத்தார். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை விரலை வைத்துப் படித்தார். மடித்து வைத்தார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை, வீட்டில் நிற்கவே பயமாக இருந்தது.

நேற்று இந்த வாரப் பத்திரிகை வந்தது. என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே சத்தமாக வாசித்தார். நிர்வாகத்தின் பக்கம் போய்விட்ட பிள்ளைகளோடு தோழர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசலாம், பத்து நிமிஷத்துக்கு மிகாமல், தொழிற்சாலை விவகாரம் தவிர்த்து, உடல்நலம் முதலியன விசாரிக்கலாம், இதில் கொள்கை முரண்பாடு எதுவும் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன், அந்தப் பக்கம் முழுவதும் சிமென்ட் விளம்பரம். பெற்ற பெண்ணிடம் பேசக்கூட இந்த மனிதருக்குப் பத்திரிகை அனுமதி கொடுக்க வேண்டியிருக்கிறது பார். எரிச்சலாகத்தான் வந்தது, ஆனாலும் உள்ளே போய் அழுதேன். நீயும் ஒன்றும் குறைந்தவள் இல்லை. உன் கம்பெனி விதிப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தால் நீ லீவு போட்டு ஒரு தடவை வருவாய், சொல், அதையும் நானே எழுதித் தருகிறேன்.

நோய்நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும், உன் கையெழுத்தால் இனி யார் வீட்டு அடுப்பும் அணையக்கூடாது, அதுவும் என் ஆசீர்வாதத்தில் சேர்ந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வரும், மீட்டிங் அது இது என்று அணைத்து வைக்காதே. தொழிற்சாலைப் பேச்சை எடுக்காதே, சிரித்துவிடாதே. கட்டுரையைப் பற்றி அவர் கேட்டால், நானும் படித்தேன் அப்பா என்று சொல்.

உன்
அம்மா