மண்கூம்பில் இரண்டு ரூயு

வெள்ளப் பருவம், மூன்றாம் மாதம், நாள் 6

ஆற்றின் மேற்குக் கரையில் எங்கள் கல்லறை வாசல் ஒருவழியாக முடிந்தது. இனி அதற்கு மேலே சுவரில் வரிசையாக மண்கூம்புகளைப் பதிக்க வேண்டும். வெளியே தெரியும் வட்டத்தில் முத்திரை. அதற்கான வாசகத்தை இவர் எழுதி வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். ஆமோன் கோயில் களஞ்சியக் கணக்கர், ஆமோனின் மந்தைகளுக்கு மேற்பார்வையாளர், எல்லா நாடுகளிலும் மன்னரைப் பின்தொடர்ந்தவர், மின்மோசே. எல்லா நாடுகளுமாம்! ஒரே ஒரு தடவை வடக்கே போனார். வயிற்றுப்போக்கோடு திரும்பினார்.

"நான் எங்கே?" என்றேன்.

"வட்டம் சின்னது, ரூயு. இடம் பத்தல."

"அப்படியா? இன்னிக்கு அடுப்புலயும் இடம் பத்தல."

நாள் 7

இடம் கிடைத்துவிட்டது. மந்தைகள் போய், 'அவர் சகோதரி ரூயு' வந்தது. பெண்டாட்டியைச் சகோதரி என்று எழுதுவதுதானே நம் ஊர் மரியாதை. வாத்து வறுத்துக் கொடுத்தேன்.

நாள் 15

குயவர் களத்துக்குப் போனோம். ஈரக் கூம்புகள் நிழலில் காய்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்! யாரும் பார்க்காதபோது ஒன்றைத் தடவிப் பார்த்தேன். நான் செத்தாலும் என் பெயர் சாகாது. சிரிப்பு அடங்கவே இல்லை எனக்கு.

நாள் 18

போச்சு. எல்லாம் போச்சு.

அண்ணி இன்று களத்துக்கு வந்தார். இவருடைய அக்கா. அவர் பெயரும் ரூயுதான் — வீட்டில் அவர் பெரிய ரூயு, நான் சின்ன ரூயு. வேறு எழுத்து தெரியாவிட்டாலும் தன் பெயரையும் 'சகோதரி' என்ற குறியையும் அவருக்கு அடையாளம் தெரியும். கூம்பைப் பார்த்தார். இவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

"தம்பி! என் பேரைப் போட்டியேடா! அக்காவை மறக்கலையேடா!"

இவர் கோயில் சிலை மாதிரி நின்றார்.

பெண்டாட்டியைச் சகோதரி என்று முதலில் எழுதியவன் எவன்? அவன் பெண்டாட்டிக்கு நாத்தனாரே இல்லை போலிருக்கிறது.

நாள் 19

"நீங்க சொல்லுங்க."

"நான் எப்படிச் சொல்றது?"

"மன்னர் எதிர்ல நின்னு பார்லிக்கு… இல்ல, கோதுமைக்குக் கணக்குச் சொல்ற வாய்தானே இது? அக்கான்னா ஒட்டிக்குமா?"

கோபத்தில் எனக்கே வாய் குழறுகிறது. இவர் மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். கோழை.

நாள் 21

அண்ணி பேரீச்சம்பழ அப்பம் கொடுத்தனுப்பினார். ரொம்ப நன்றாக இருந்தது. அதுதான் ஆத்திரமாக வருகிறது.

நாள் 23

முடிவெடுத்தேன். 'வீட்டுத் தலைவி' என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் போதும், அது மனைவி என்று ஊருக்கே விளங்கும். பாதிக் கூம்புகள் இன்னும் செய்யவே இல்லை; அவற்றுக்காவது முத்திரையை மாற்றிவிடலாம். நானே கிளம்பினேன்.

அக்கரை போகும் படகில் அண்ணி. நான் பின்னால் இருந்ததைப் பார்க்கவில்லை. படகு முழுக்கக் கேட்கும்படி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "என் வீட்டுக்காரரை முதலை கொண்டுபோயிடுச்சு. உடம்பும் கிடைக்கல, கல்லறையும் இல்ல. நானும் செத்தா மணல்ல ஒரு குழி, அவ்வளவுதான்னு இருந்தேன். இப்ப பேரோட கிடப்பேன்."

களத்தில் குயவர் கேட்டார்: "என்னம்மா, முத்திரையில ஏதாவது சேர்க்கணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். காய்ஞ்சிருக்கான்னு பார்க்க வந்தேன்."

வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். என்ன பெண் நான்? மந்தையை விரட்டிப் பிடித்த இடத்தை இப்படியா தானம் பண்ணுவது?

விதைப் பருவம், முதல் மாதம், நாள் 9

கூம்புகள் ஏறிவிட்டன. கல்லறை முற்றத்தில் விருந்து. பீர், வெங்காயம், வறுத்த வாத்து. இவர் யார் கண்ணிலும் படாமல் தின்றுகொண்டே இருந்தார்.

அண்ணி என்னைத் தனியே இழுத்துப்போனார்.

"ஏண்டி, சகோதரின்னா பெண்டாட்டின்னு எனக்குத் தெரியாதா? சந்தோஷத்துல முதல்ல தோணல. ஊரெல்லாம் சொல்லி முடிச்சப்புறம்தான் உறைச்சுது. வெட்கமாப் போச்சு. நீ போய் மாத்திடுவேன்னு தினமும் காத்திருந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மாத்தலையேடி நீ."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உடனே அழுகையை விட்டுவிட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்தார். "சரி, பின்னாடி சண்டை வேண்டாம். நான் மூத்தவ. மேல் வரிசை எனக்கு, கீழ் வரிசை உனக்கு."

விட்டுக்கொடுத்தேன். மேலே வெயில் ஜாஸ்தி.