நடுக்கூடத்து உத்தரம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,
தம்பியின் ஸலாம். நம் பழைய வீட்டு மாடிக் கதவுகளில் செய்த அலமாரி வந்து சேர்ந்திருக்கும். பழைய துளைகளை நீங்கள் கற்றுக்கொடுத்தபடி மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, மெழுகு தேய்த்துவிட்டேன். யார் பார்த்தாலும் முழு மரம் என்றுதான் சொல்வார்கள்.

இப்போது நடுக்கூடத்து உத்தரத்தையும் கேட்கிறீர்கள். 'உள்ளே வருபவருக்கு அமைதி' என்று அரபியில் செதுக்கிய அழகான மரம்தான். ஆனால் மாடிச்சுவரே அதன்மேல்தான் நிற்கிறது. அதன் கீழேதான் நம்மைப் பெற்ற அத்தாவின் கட்டில். என் வீட்டுக்குக் கூப்பிட்டால், "மாடிய அலமாரி ஆக்கிட்டீங்க, அடுத்து என் கட்டிலா? நான் எங்கயும் வரல" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாம் அண்ணா.

உங்கள் தம்பி

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,
அத்தாவின் பிடிவாதம் இன்று நேற்றா வந்தது? அந்த எழுத்துள்ள மரத்தில்தான் பெஞ்சு வேண்டும் என்று இங்கே நம் சாமான்களை வாங்குபவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். முட்டுக்கொடுத்துக் கழற்று. பட்டறையில் கிடக்கும் பழைய உத்தரம் ஒன்றை மாற்றி வை. தச்சனுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? அத்தாவோடு மல்லுக்கு நிற்காதே, இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,
மாற்றிவிட்டேன். இருப்பதில் கனமான உத்தரமாகப் பார்த்து எடுத்தேன். நேற்று முட்டுகளையும் எடுத்தாயிற்று. அத்தா அண்ணாந்து பார்த்து, "அமைதி போச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தம்பி

ஏப்ரல் 20

தம்பி,
செய்தி கேட்டதிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விடுப்பு கிடைக்காததால் அத்தாவின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அழுது தீரவில்லை.

கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கூடம் இடிந்ததில், கழற்றி வைத்த அந்த எழுத்து உத்தரத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே? வாங்குபவர் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.

அண்ணன்

மே 6

அண்ணனுக்கு,
நான் மாற்றி வைத்து உடைந்துபோன உத்தரத்தைப் பிளந்து பார்த்தேன். நடுவில், எந்தக் காலத்திலோ தூண் செருகியிருந்த துளை, முழங்கை நீளத்துக்கு. உள்ளே மரத்தூளும் பசையும், மேலே மெழுகு. என் கைவேலைதான். விற்பதற்காக என்றைக்கோ அடைத்து வைத்திருக்கிறேன். என் கண்ணுக்கே தெரியவில்லை. அத்தாவைக் கொன்றது நான்தான். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட உத்தரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அது அன்றைக்குப் பட்டறையில், சாக்குப் போர்த்தி, பத்திரமாக இருந்தது. அத்தாதான் வீட்டில் இருந்தார்.

அப்படியே அனுப்புகிறேன். பெஞ்சு வேண்டுமானால் நீங்களே அறுத்துக்கொள்ளுங்கள். பதில் போட வேண்டாம்.

தம்பி