கொப்புளத்தின் காரணம் கண்டவள்

ராரோன்,
பிப்ரவரி 11, 1996

அன்பு மகள் சிடோனியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் பனி விழுந்தால் முரண்டு பிடிக்கிறது. அந்த மான்ட்ரியல் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா இல்லையா என்பதுதான் எனக்கு எந்நேரமும் கவலை. உன் ஆராய்ச்சிப் புத்தகம் வந்து சேர்ந்ததா என்று கேட்டு இரண்டு கடிதம் போட்டுவிட்டாய். புத்தகம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாதது தபால்காரர் தப்பில்லை, என் தப்பு. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், கோபம் வந்தால் வரட்டும், பாதியில் மட்டும் மடித்து வைத்துவிடாதே.

பார்சலைப் பிரித்ததும் அப்பா புத்தகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். உள்ளே எல்லாம் ஆங்கிலம், நன்றிப் பக்கத்தை மட்டும் நம் ஜெர்மனில் எழுதியிருந்தாய். அதை அவர் சத்தமாக வாசித்தார். சூட்டில் இறுகும் சயனேட் எஸ்டர் பிசினை ஈரம் எப்படிக் கெடுக்கும் என்பதை உனக்கு முதன்முதலில் புரியவைத்த உன் ஞானத்தகப்பன் டாக்டர் லியாண்டருக்கு எட்டு வரி. கடைசியில், அன்புக்கும் சாப்பாட்டுக்கும் அம்மா அப்பாவுக்கு நன்றி என்று ஒரு வரி. "பாத்தியா கிரெசென்சியா, நம்மளையும் போட்டிருக்கா!" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. சூப் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன், அடுப்பில் சூப்பே இல்லை.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். 1986இல் ஆற்றங்கரைப் பட்டறையில், இப்போது மூடிவிட்டார்களே அதில்தான், நான் சோதனை அறையில் இருந்தேன், லியாண்டர் எங்கள் தலைவர். செயற்கைக்கோள் ஆண்டெனாவுக்குச் செய்த பலகைகள் எல்லாம் அம்மை போட்ட முகம் மாதிரி கொப்புளத்தோடு வந்துகொண்டிருந்தன. பிசினை இறுகவைக்கக் கலக்கிற மருந்துதான் கோளாறு என்று லியாண்டர் இரண்டு மாதம் அதையே மாற்றிப் பார்த்தார். நான் நோட்டில் தேதியோடு வானிலையையும் குறித்து வந்தேன். ஆற்றின்மேல் மூடுபனி இறங்கிய நாளில் வார்த்தது எல்லாம் கொப்புளம், வெயில் நாளில் வார்த்தது வழவழப்பு. ஒரு தட்டுப் பிசினை மூடி வைத்தேன், இன்னொன்றைத் திறந்த ஜன்னலோரம் ஒரு நாள் வைத்தேன், இரண்டையும் ஒரே சூட்டில் இறுகவிட்டேன். ஜன்னலோரத் தட்டு நுரைத்து நின்றது. ஈரம் முந்திக்கொண்டு பிசினோடு சேர்ந்து வாயுவைக் கிளப்புகிறது, கொப்புளம் அதனால்தான். நோட்டோடு போய் லியாண்டரிடம் காட்டினேன். அடுத்த வசந்தத்தில் அவர் ஹாம்பர்க் மாநாட்டில் அதை வாசித்தார், அவர் பெயரில். திரும்பி வரும்போது எனக்கு ஒரு குடை வாங்கி வந்தார்.

அந்த வருடம்தான் அவர் நம் சமையலறை மேசையில் மூன்று வாதுமைக் கொட்டைகளை வைத்து உனக்குப் பாடம் எடுத்தார். சூடேறினால் பிசினின் மூலக்கூறுகள் மூன்று மூன்று முனைகளாகக் கை கோத்து வளையமாகும், அப்படிச் சேரும்போது கழிவாக ஒரு துளிகூட வெளியே வராது, அதனால்தான் அது கொதிக்கிற சூட்டையும் தாங்கும், ரேடியோ அலையை உறிஞ்சாமல் விடும், விண்வெளியில் ஆவி கக்காது என்றெல்லாம் சொன்னார். நீ வாய் பிளந்து கேட்டாய். நான் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தேன். "அம்மா, உனக்கு இதெல்லாம் புரியுமா?" என்று கேட்டாய். "தட்டை எடுத்து வை" என்றேன். பதினைந்து வயதுப் பிள்ளை, உன்மேல் குற்றமில்லை. அன்றே வாயைத் திறந்திருக்க வேண்டியவள் நான்.

போன ஞாயிறு லியாண்டருக்கு எழுபது வயது, பாலாடைக்கட்டி உருக்கி ராக்லெட் விருந்து வைத்துக் கூப்பிட்டிருந்தார். நீ அவருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறாய், அது கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றியது. மருந்துக்கடை அடெல்ஹைட் என் பக்கம் திரும்பி, "பொண்ணுக்கு மூளை ஞானத்தகப்பன் கொடுத்ததுபோல, கையைக் காலைத்தான் நீங்க கொடுத்திருக்கீங்க" என்று சிரித்தாள். அப்பா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நான் அடங்கவில்லை. "லியாண்டர், ஈரத்தைப் பத்தி நீங்க ஹாம்பர்க்ல வாசிச்சது என்னோடது. நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது. பாலாடைக்கட்டி வழித்த கரண்டியைத் தட்டில் வைத்தார். பிறகு அவர், "ஆமா, கிரெசென்சியா கண்டுபிடிச்சதுதான். மேடையில நான் பேரைச் சொல்லல. சொல்லலாம் சொல்லலாம்னு பத்து வருஷம் ஓட்டிட்டேன்" என்றார். "அப்ப நீங்க என்னதான் செஞ்சீங்க?" என்று அடெல்ஹைட் கேட்டாள். "குடை வாங்கிக் குடுத்தேன்" என்றார். உனக்குக் கடிதம் போடுகிறேன் என்றார். "வேண்டாம், எம் பொண்ணுக்கு நானே எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் புரிந்தது, பொறாமை அவர்மேல் மட்டும் இல்லை. உன்மேலும்தான். நான் வெள்ளைக் கோட்டோடு வாசலில் நின்ற அறைக்குள் நீ பட்டத்தோடு நுழைந்துவிட்டாய். பெற்றவள் இப்படி எழுதலாமா, தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

அதற்கப்புறம் அகராதியை வைத்துக்கொண்டு ஆறு மதியம் உன் புத்தகத்தைப் படித்தேன். மூன்றாவது பலகையில் கொப்புளம், காரணம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். பிசினைக் காயவைத்தாய், இழைத்துணியையும் காயவைத்தாய். நடுவில் வைக்கிற, தேன்கூடு மாதிரி அறை அறையான அட்டையைக் காயவைத்ததாக எங்கேயும் இல்லையே? அதுவும் ஒருவகைக் காகிதம்தானம்மா, காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். காயவைக்கும் முன்பும் பின்பும் எடை போட்டுப் பார், எவ்வளவு குடித்திருக்கிறது என்று தெரியும். அடுப்பிலிருந்து எடுத்த சூடு ஆறுவதற்குள் பலகையில் வைத்துவிடு. அடுத்த மாதம் நீ செய்யப்போகும் பலகைக்கு அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றாதே, பிசின் மொத்தமாக இருந்தால் தன் சூட்டிலேயே கருகும், எங்கள் வாளி ஒன்று அப்படிப் புகைந்திருக்கிறது. அட்டை விஷயம் லியாண்டருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. கடவுள் உன்னையும் உன் கைவேலையையும் காக்கட்டும். பலகையை வெளியே எடுத்த அன்றைக்கே போன் பண்ணு, அப்பா எடுத்தால் முழங்காலைப் பற்றியே பேசுவார், அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல். வழவழப்பாக வந்திருந்தால் லியாண்டருக்கும் சொல்லலாம், பாவம், வயதானவர். ஆனால் எனக்குச் சொன்ன பிறகு.

உன் அம்மா,
கிரெசென்சியா
(பிசின் சோதனையாளர்)