அடுப்பை அணைத்துவிட்டு

1960 பிப்ரவரி 9, செவ்வாய்

குளிர் விடவில்லை. கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது கால் விரல்கள் மரத்துப்போயிருந்தன. மதியம் சாப்பாட்டுக் கவுண்ட்டரில் ஒரே கூட்டம். கோழி சாலட் இரண்டு முறை தீர்ந்துவிட்டது. மிஸ்டர் ராலின்ஸ் சமையலறைச் சன்னலில் தலையை நீட்டி, "ஹோரஸ், நீ இல்லன்னா நான் இந்தக் கவுண்ட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்" என்றார். எனக்கொரு மகன் இருந்தால் அவர் வயதுதான் இருக்கும். மேனேஜர் என்பதால் நான் அவரை மிஸ்டர் என்கிறேன். அவர் என்னை வெறும் ஹோரஸ் என்கிறார். பதினேழு வருஷமாக இப்படித்தான், இவருக்கு முன் இருந்த மேனேஜர்களும்.

பிப்ரவரி 11, வியாழன்

கோரின் கல்லூரியிலிருந்து வந்ததும் சமையலறை நாற்காலியில் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டு, "அப்பா, என்னைத் திட்டுங்க" என்றாள். சர்ச்சின் கீழறையில் மாணவர்களுக்குப் பயிற்சி நடக்கிறதாம். யார் திட்டினாலும் தள்ளினாலும் கை ஓங்கக் கூடாது, பதில் பேசக் கூடாது, எழுந்தும் போகக் கூடாது. கறுப்பர்களான எங்களை உட்கார விடாத நகரத்துக் கடைகளில் உட்கார்ந்து சாப்பாடு கேட்கப் போகிறார்கள். எந்தக் கடை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை — கேட்கப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

எனக்கு வாய் வரவில்லை. பெற்ற பெண்ணை எந்த வார்த்தை சொல்லித் திட்டுவது? என் மனைவி எர்னஸ்டீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும்போது இருபது வருஷமாக அவள் காதில் விழுந்ததையெல்லாம் ஒன்று விடாமல் மகளிடம் சொன்னாள். கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். கோரின் பக்கத்தைப் புரட்டினாள், அவ்வளவுதான்.

பிறகு எர்னஸ்டீன்தான் அழுதாள்.

பிப்ரவரி 13, சனி

பனி கொட்டியது. மதியம் பரிமாறுகிற நேடின் உள்ளே ஓடி வந்து தட்டுகளைக் கீழே போட்டாள். "அவங்க உட்கார்ந்துட்டாங்க ஹோரஸ்" என்றாள் அந்த வெள்ளைக்காரப் பெண். சன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் ஆட்களின் பிள்ளைகள், பதினெட்டுப் பேர். பையன்கள் கோட்டும் டையும், பெண்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பும். ஓரத்திலிருந்து நாலாவது ஆளாக, புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, கோரின்.

இந்தக் கடையில் எங்களுக்குச் சோப்பு விற்பார்கள், ஊசி நூல் விற்பார்கள். இந்தக் கவுண்ட்டர் ஸ்டூல்களில் மட்டும் உட்கார விடமாட்டார்கள். அதில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

ராலின்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. "உன் ஆளுங்கதானே, நீயே போய்ச் சொல்லு" என்றார். போனேன். ஏன் போனேன்? பதினேழு வருஷப் பழக்கம், கால் தானாக நடந்தது. "இங்க கிடைக்காது, வீட்டுக்குப் போங்க பிள்ளைங்களா" என்று சொன்னது என் வாய்தான்.

கோரின் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "பரவாயில்ல சார். நாங்க காத்திருக்கோம்."

சார்.

திரும்பி உள்ளே வந்து வெங்காயம் நறுக்கினேன். நறுக்க வேண்டிய வெங்காயம் எதுவும் இல்லை. கவுண்ட்டர் மூடப்பட்டுவிட்டதாகச் சொல்லி ராலின்ஸ் விளக்கை அணைத்தார். பிள்ளைகள் இருட்டிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு ஒன்றாக எழுந்து போனார்கள்.

வீட்டில் கேட்டேன், பெற்ற அப்பனைத் தெரியாதா உனக்கு என்று. "தெரியும்னு காட்டினா உங்க வேலை போயிடும்பா" என்றாள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அதையும் யோசித்திருக்கிறாள். நான் என்ன யோசித்தேன்?

பிப்ரவரி 20, சனி

இன்றும் வந்தார்கள். இன்னும் அதிகம் பேர். நான் சன்னலை விட்டு நகரவில்லை.

பிப்ரவரி 27, சனி

காவல் நிலையத்தில் பென்சிலும் காகிதமும் தந்தார்கள், வீட்டுக்குத் தகவல் எழுத. அதில் மிச்சத்தில் எழுதுகிறேன்.

காலையிலிருந்தே வெள்ளைக்காரப் பையன்கள் கும்பலாகக் கடைக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்கள். எங்கள் பையன் ஒருவனை ஸ்டூலிலிருந்து இழுத்துப் போட்டு மிதித்தார்கள். அவன் எழுந்து கோட்டைத் தட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். கும்பலில் ஒருத்தன் கோரினின் பின்னால் வந்து எரிகிற சிகரெட்டை அவள் தோளில் வைத்து அழுத்தினான். என் பொண்ணு. தோள்ல. துணி கருகுற வாசனை எனக்கு அடுப்புக்கிட்ட வரைக்கும் வந்துச்சு.

கையில் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி. அதோடுதான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவன் முகத்தில் ஊற்றத்தான் வந்தேன், பொய் சொல்லப் போவதில்லை. கோரின் என்னைப் பார்த்துவிட்டாள். உதடு துடித்தது, ஆனால் தலையை மெல்ல, இல்லை என்று அசைத்தாள். வீட்டில் எர்னஸ்டீன் தண்ணீர் ஊற்றியபோது இருந்த அதே முகம். அது பயப்படுகிற முகம் இல்லை. எனக்கு இல்லாத தைரியம் இவளுக்கு எங்கிருந்து வந்தது?

உள்ளே திரும்பினேன். சட்டியை இறக்கினேன். நாலு அடுப்பையும் ஒவ்வொன்றாக அணைத்தேன். ஏப்ரனோடேயே வெளியே வந்து அவளுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். பதினேழு வருஷத்தில் முதல் தடவை. உட்கார்ந்தால் சமையலறைச் சன்னல் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது!

"உனக்குப் பைத்தியமா ஹோரஸ், உள்ள போ" என்றார் ராலின்ஸ்.

"ஒரு காபி, மிஸ்டர் ராலின்ஸ்."

"காபி போடறவனே நீதானே?"

"தெரியும். இன்னிக்கு உட்கார்ந்து குடிக்க வந்திருக்கேன்."

யாரோ என் பின்னந்தலையில் கெட்ச்சப்பைக் கொட்டினார்கள். கழுத்து வழியாக இறங்கியது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். பயிற்சி எடுக்காதவன் நான். பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

போலீஸ் வந்தது. அடித்தவர்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பிடித்தது. நாங்கள் எழுந்த ஸ்டூல்கள் காலியாகவில்லை, வாசலில் நின்ற அடுத்த வரிசைப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

வண்டிக்குள் ஏற்றியதும் கோரின் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இவர் எங்கப்பா."

மார்ச் 4, வெள்ளி

மேயர் சொன்னதன்பேரில் வெளியே விட்டுவிட்டார்கள். விசாரணையன்று, அபராதம் கட்டினால் உடனே போகலாம் என்றிருந்தார் நீதிபதி. ஒருத்தர்கூடக் கட்டவில்லை, உள்ளேயே இருக்கிறோம் என்றோம். எர்னஸ்டீன் பார்க்க வந்தபோது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இந்த ஊர்லயே நல்ல சமையல்காரனை உள்ள வெச்சுக்கிட்டு வெறும் பீன்ஸ் போடறானுங்க பாரு" என்றாள். பக்கத்து அறைப் பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் கண் மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் 5, சனி

வேலை போய்விட்டது. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் விடியற்காலை நாலரைக்கு விழித்துக்கொண்டேன்.

மார்ச் 21, திங்கள்

கல்லூரி விடுதியில் சமையல் வேலை கிடைத்தது. பையன்கள் மூன்றாம் முறையும் தட்டை நீட்டுகிறார்கள். இங்கே எல்லாரும் என்னை மிஸ்டர் பெட்டிஃபோர்ட் என்கிறார்கள். முதல் நாள் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

ஏப்ரல் 17, ஈஸ்டர் ஞாயிறு

நம் ஆட்கள் யாரும் நகரத்துக் கடைகளில் எதுவும் வாங்குவதில்லை என்று வாரக்கணக்காக உறுதியாக இருக்கிறோம். ஈஸ்டருக்குக்கூடப் புதுத்துணி இல்லை. எர்னஸ்டீன் போன வருஷத்துத் தொப்பியைத்தான் போட்டாள். கோயில் முழுக்கப் பழைய தொப்பிகள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டோம். இவ்வளவு கம்பீரமான ஈஸ்டரை நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 19, செவ்வாய்

மாணவர்களுக்காக வாதாடுகிற வக்கீலின் வீட்டில் விடியும் முன் குண்டு வீசியிருக்கிறார்கள். தெய்வாதீனமாக யாரும் சாகவில்லை. மதியம் நகர மண்டபத்துக்கு நடந்தோம். மூன்று மூன்று பேராக, ஆயிரக்கணக்கில். பாட்டு இல்லை, கோஷம் இல்லை. செருப்புச் சத்தம் மட்டும். பணியிடத்தில் சொல்லிவிட்டு எர்னஸ்டீன் சீருடையோடு வந்து சேர்ந்துகொண்டாள். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் கோரின், நடுவில் நான். முன்னால் படிக்கட்டில் மாணவர்கள் மேயரிடம் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன் — வரிசைக்கு முடிவே தெரியவில்லை.

மே 10, செவ்வாய்

வியாபாரம் படுத்ததில் கடைக்காரர்கள் ஒத்துக்கொண்டு, இன்று மூன்று மணிக்குக் கவுண்ட்டர்களில் நம் ஆட்களுக்குப் பரிமாறினார்கள். கோரின் போய்விட்டு வந்தாள். எப்படி இருந்தது என்றேன். "முட்டை ரப்பர் மாதிரி இருந்துச்சுப்பா." முழுவதையும் சாப்பிட்டாளாம்.

மே 12, வியாழன்

திரும்பி வரச் சொல்லி ராலின்ஸ் ஆள் அனுப்பினார். மிஸ்டர் பெட்டிஃபோர்டுக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன்.

மே 14, சனி

எர்னஸ்டீன் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு நகரத்துக்குக் கிளம்பினாள். என் பழைய கவுண்ட்டரில் ஒரே ஒரு இடம்தான் காலி. பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் கைப்பையை அடுத்த ஸ்டூலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எர்னஸ்டீன் பீச் பை, அந்தப் பழ இனிப்பில் ஒரு துண்டு கேட்டாள். முள்கரண்டியால் சின்னச் சின்னதாக வெட்டிச் சாப்பிட்டாள். முக்கால் மணி நேரம். நேடின் மேடையைத் துடைத்துக்கொண்டே இரண்டு முறை எங்கள் பக்கம் வந்தாள். கால் மரத்துப்போய்விட்டது, போகலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

எர்னஸ்டீன் ஸ்டூலை ஒரு சுற்றுச் சுற்றிக் கடை முழுவதையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு நேடினைக் கூப்பிட்டு இன்னொரு காபி சொன்னாள்.