சைக்கிளில் ஏரிச் சேறு

1968, ஐப்பசி. தீபாவளிக்கு முதல் நாள்.

எந்த ஏரியில் எந்தப் பறவை இறங்கினாலும் என் சிநேகிதன் தரணேந்திரன் முதலில் என்னிடம்தான் ஓடி வருவான். இன்று நானே கேட்டேன், ஊசிவால் வாத்து வந்துவிட்டதா என்று. "இன்னும் ஒண்ணும் வரலபா" என்றான். அவன் சைக்கிள் சக்கரத்தில் மாகறல் ஏரிக்கே உரிய கருஞ்சேறு காயாமல் அப்பியிருந்தது.

என்னிடமே மறைக்கிறானே என்ற கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். தலை தீபாவளிக்கு வந்திருக்கும் தங்கை புருஷன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேற்று இவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தரணேந்திரனும் அங்கே நின்றிருந்தான்.

"மச்சான், எந்த ஏரியில வாத்து இறங்கியிருக்குது?"

"தெரியலைங்க மாப்ளே."

உறுதியாகத் தெரிந்திருந்தால், புது மாப்பிள்ளை கேட்டதற்குத் தெரியாது என்று என் வாயில் வந்திருக்குமா? தரணேந்திரன் அதை முன்னாலேயே யோசித்துவிட்டான். நான் இப்போதுதான் யோசிக்கிறேன்.

விடிந்ததும் மாகறலுக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் என்ன? கிளம்பினால் மாப்பிள்ளையும் கூட வருவார்.